பதிலுக்குக் கூவிய புறா

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் இரண்டு கண் மேலும் சத்தியம். அதில் ஒன்று புரை விழுந்த கண், ஆகையால் சத்தியம் பாதிதான் செல்லும் என்று யாராவது குறை சொன்னால், நல்ல கண்ணின் மேல் இன்னொரு தடவை செய்து சரிக்கட்டுகிறேன்.

கடைத்தெருவில் மாவு மில்லுக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற அகலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதை நடத்துகிறவரை எல்லாரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், எதிரே நிற்பது வாடிக்கையாளரா அலமாரியா என்பது அது இருமினால்தான் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்தான் அந்த வட்டாரத்திலேயே பெரிய புறா வேட்டைக்காரர்.

வேட்டைக்குப் போகும்போது அவர் கண்ணாடி போடுவதில்லை. காலை வெயில் பட்டுக் கண்ணாடி மினுக்கும்; அந்த மினுக்கைப் பார்த்தால் தவிட்டுப்புறா எழும்பிவிடும். அதனால் கழற்றி, கண்ணாடிக் கூட்டில் போட்டு, சட்டைப் பையில் வைத்துவிட்டுக் காதால் சுடுவார். கூவல் வருகிற பக்கம் ஏர்கன்னின் குழலைத் திருப்பி, கூவலின் நடுவில் விசையை அழுத்துவார். விழும். ஒரு தடவை இருமல் வந்து குழல் ஆடியதில் ஒரே குண்டில் இரண்டு விழுந்தன, மூன்றாவது புறா பயத்தில் தானே வந்து பைக்குள் உட்கார்ந்துகொண்டது என்று சொல்வார். அந்த மூன்றாவதை மட்டும் நான் நம்பவில்லை.

சுடுவதைவிட அவருக்குப் பெருமை கூவுவதில்தான். இரண்டு உள்ளங்கையையும் கிண்ணம்போல் சேர்த்து, கட்டைவிரல்களின் இடுக்கில் ஊதினால், குர்ரூ... கூ... கூ... என்று தொண்டைக்குள் தண்ணீர் உருளுவதுபோல வரும். காடைக்கு ஒரு குரல், கவுதாரிக்கு ஒரு குரல் வைத்திருந்தார். என்றாலும் தவிட்டுப்புறாக் குரலைத்தான் ராத்திரி தூக்கத்தில்கூடக் கூவுவதாக அவர் மனைவி சொல்வாள். "பக்கத்துல படுத்திருக்கறவளுக்கு எப்ப சிறகு முளைக்கும்னு தெரியல" என்பாள்.

அவருக்கு ஒரே தங்கை. தங்கை புருஷன் தையற்காரர். இரண்டு தெரு தள்ளி, வீட்டின் முன்னறையே தையற்கடை. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் புறா வறுவல் தின்றவர்கள். கண்ணாடிக்காரர் மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார். மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு மச்சானுக்கு வேட்டைக்கென்று ஒரு கால்சட்டை தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் ஒரு கால் கெண்டைச் சதையில் நின்றது, மற்றது தெருவைக் கூட்டியது.

"அளவு நாடா சரியாத்தான் இருக்கு மச்சான். நாடாவைப் பார்த்த கண்ணாடிதான் கோணல்" என்றார் மாப்பிள்ளை.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு. அதுக்குப் பின்னால இருக்கற கண்ணுதான் கோணல்."

"கண்ணும் சரி."

"அப்ப அதுக்கும் பின்னாலதான் ஏதோ காலியா கிடக்கு."

அதோடு பேச்சு நின்றது. வருஷக்கணக்காக நின்றது. வேட்டையில் கிடைத்த பறவையில் தங்கை வீட்டுக்கு ஒரு பங்கு அனுப்புவதை மட்டும் கண்ணாடிக்காரர் விடவில்லை. தையற்காரரும் சாப்பாட்டில் உட்கார்ந்து, "இது அந்த வீட்டுப் புறான்னா எனக்கு வேண்டாம். குழம்பு மட்டும் ஊத்து. கரண்டியில ஏதாவது கறி மாட்டிக்கிட்டா அதைத் திருப்பிப் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தூக்குச்சட்டியோடு நடந்து நடந்து தங்கைக்குத்தான் கால் ஓய்ந்தது.

அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளாக நின்ற சமயம். தானியக் கிடங்கின் பின்புறம், மூட்டை ஏற்றும்போது சிந்தியதைப் பொறுக்கப் புறாக் கூட்டம் விடியலிலேயே இறங்கும். கிடங்குக்கும் வயலுக்கும் நடுவே வரிசையாக முட்புதர். இருட்டு இன்னும் விலகாத ஒரு காலையில் கண்ணாடிக்காரர் அந்தப் புதர் ஒன்றின் கீழே, ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முழங்கால் முனகியது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். கையைச் சேர்த்து ஊதினார்.

குர்ரூ... கூ... கூ... கூ.

அந்தக் கடைசிக் கூ அவருடைய சொந்தச் சரக்கு.

கொஞ்சம் தள்ளி, அடுத்த புதரிலிருந்து பதில் வந்தது. அவர் எத்தனையோ புறாவோடு கூவியிருக்கிறார். பாதியில் குறுக்கே விழுகிறவை உண்டு, ஒரு கூவலோடு சலித்துப் போகிறவை உண்டு. இது அப்படி இல்லை. அவர் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு மெல்லக் கூவியது. அவர் தாழ்த்தினால் அதுவும் தாழ்த்தியது. அவர் இழுத்தால் அதுவும் இழுத்தது. அரை இருட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குசலம் விசாரிப்பதுபோல இருந்தது. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஒரு கூவல், ஏதோ போகிறது என்று ஒரு கூவல். யாரும் தன்னிடம் இவ்வளவு நேரம் பொறுமையாகப் பேசி வெகுநாளாயிற்று என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. சுடாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

ஆனால் கை பழகிய கை. குழல் தானாகத் திரும்பியது. கூவலின் நடுவில் விசையை அழுத்தினார். அதே சமயம் கிடங்கின் தகரச் சுவரில் டங்கென்று ஒரு சத்தம். காவல்காரர் பறவை விரட்டத் தகரம் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த புதரிலிருந்து அந்தப் புறா, மிகத் தெளிவாக, "அம்மாடி" என்றது.

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். முதலில் துப்பாக்கியைப் புதருக்கு அடியில் தள்ளி மேலே சருகைப் போட்டார். அப்புறம்தான் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பின்னால் தனியாக இருக்கும்போதெல்லாம் அவரைக் கூச வைத்தது இந்த வரிசைதான். முதலில் துப்பாக்கி, பிறகு கண்.

அடுத்த புதருக்குப் பின்னால் தையற்காரர் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் ஒரு உண்டிவில். ஒரு கால் செருப்போடு, ஒரு கால் செருப்பில்லாமல். உட்காருகிற இடத்தில் கால்சட்டையில் ஓட்டை விழுந்து ரத்தம் கசிந்திருந்தது.

"மச்சான்" என்றார் தையற்காரர். அத்தனை வருஷத்தில் முதல் வார்த்தை. "நீங்க எப்படி இங்க?"

"சும்மா நடக்க வந்தேன் மாப்பிள்ளை."

"முழங்கால்லயா நடந்தீங்க? ரெண்டு முட்டியிலயும் சேறு."

"வழுக்கி விழுந்தேன்."

"யாரோ என்னைச் சுட்டுட்டான் மச்சான்."

"யாரா இருக்கும்" என்றார் கண்ணாடிக்காரர். தன் குரலே அவருக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

மாப்பிள்ளையை முதுகில் தூக்கிக்கொண்டார். தையற்காரர் மெலிந்த ஆள்தான். என்றாலும் வயல் வரப்பு, வாய்க்கால் பாலம், கடைத்தெரு முழுக்க மூச்சிரைக்கச் சுமந்து டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக்காரருக்குத் தான்தான் குண்டடி பட்டவர்போல் ஆகிவிட்டது. வழியெல்லாம் ஜனம் வெளியே வந்து பார்த்தது. "எத்தனை வருஷப் பகை, பாரு, ஆபத்துன்னதும் முதுகு குடுத்துட்டார். மனுஷன்னா இவர் மனுஷன்" என்று மில்காரர் சத்தமாகவே சொன்னார். கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் புகழ்ந்தார்கள்.

டாக்டர் குண்டைத் தோண்டி எடுத்தபோது கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "பெரிய காயம் இல்ல. சதையில மேலாகத்தான் இருந்துச்சு. ஆனா கொஞ்ச நாளைக்கு உட்காரக் கூடாது" என்று சொல்லி, டாக்டர் அதைப் பஞ்சில் சுற்றி ஒரு மாத்திரைச் சீசாவில் போட்டுக் கொடுத்தார். தையற்காரர் வாங்கி மூடியை இறுக்கினார்.

"இதை யாரும் திறக்கக் கூடாது. சாட்சி" என்றார்.

அன்று மத்தியானம் தங்கை அண்ணனைப் பிடித்து உட்கார வைத்து, முதல் கரண்டியை அவர் தட்டில் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ மட்டும் அந்தப் பக்கம் நடக்க வரலைன்னா என்ன ஆகியிருக்கும் அண்ணே."

"ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்றார் அவர். அன்று முழுக்க அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். யாரும் கவனிக்கவில்லை.

"இவருக்கு எதுக்கு இந்த வயசுல உண்டிவில்லு? அண்ணன் மட்டும்தான் புறா கொண்டு வருவாரா, நானும் கொண்டு வரேன்னு ஆரம்பிச்சார். கையில கிடைச்சதெல்லாம் வச்சு அடிக்கறது. கல்லு, பொத்தான், எதையும் விடறதில்ல. போன வாரம் கொல்லைச் சுவத்துல பட்டுத் திரும்பி வந்து என் குழம்புச் சட்டி உடைஞ்சுது."

"அது காத்து" என்றார் பெஞ்சில் குப்புறப் படுத்திருந்த தையற்காரர்.

கண்ணாடிக்காரர் சாப்பிட்டார். தட்டைப் பார்க்காமல் சுற்றிலும் பார்த்தார். முன்னறையில் நீலத் துணி சுருள் சுருளாகச் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. சீருடை அத்தனையும் பாக்கி. தையற்காரர் நின்றபடி வெட்டலாம். உட்கார்ந்து மிதிக்க முடியாது. சீருடை கை மாறிப் போனால் அந்த வருஷம் அந்த வீட்டுக்கு வேறு பெரிய வேலை கிடையாது.

"நான் மிதிக்கறேன் மாப்பிள்ளை" என்றார். வாய் தானாகச் சொன்னது.

மறுநாளிலிருந்து கண்ணாடிக் கடை மத்தியானத்தோடு மூடியது. கண்ணாடிக்காரர் தையல் மெஷினில் உட்கார்ந்தார். வெட்டு மேசையின் மேல் தையற்காரர் குப்புறப் படுத்து, மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, முதலாளி மாதிரி உத்தரவு போட்டார்.

"துணியை இழுக்காதீங்க. அதுவா வரும்."

"வரமாட்டேங்குது."

"புறான்னு நினைச்சு இழுக்கறீங்க. மெதுவா. வளைவுல காலை நிறுத்துங்க. நிறுத்துங்கன்னா நிறுத்தணும் மச்சான், அது கை ஓட்டை, நீங்க தைச்சு மூடிட்டீங்க. புள்ளைக்குக் கை எங்க போகும்?"

பிரித்து மறுபடி தைத்தார். ஊசி விரலில் ஏறியது. தைக்கட்டும் என்று இருந்தார். மிதிக்க மிதிக்கக் கீழே மிதிச் சக்கரத்துக்குள் கடகடவென்று ஒரு சத்தம். தாளம் தப்பிக் கடிக்கிற பல் மாதிரி.

"இது என்ன சத்தம்?"

"சக்கரத்துக்குள்ள சுத்தற பேரிங் இரும்பு உருண்டையில ஒண்ணு விழுந்துபோச்சு. பழைய மெஷின். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க, தையலைப் பாருங்க."

வெயில் வாசலில் வெள்ளையாக நின்றது. துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. நாலைந்து சட்டை முடிந்தபின் தையற்காரர் பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஒரு புறா கூவுச்சு மச்சான்."

ஊசி நின்றது.

"நானும் சும்மா கையை வச்சு ஊதிப் பார்த்தேன். பதில் சொல்லுச்சு. அந்த மாதிரிக் குரலை நான் கேட்டதே இல்ல. நெஞ்சுக்குள்ள இருந்து வருது. கேட்டுட்டே இருக்கலாம்போல இருந்துச்சு."

கண்ணாடிக்காரரின் கூவலை மனைவி திட்டியிருக்கிறாள், தெரு நாய் எதிர்த்திருக்கிறது. பாராட்டியவர் யாரும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அதைப் புகழ்கிறார், அது நான்தான் என்று சொல்ல முடியவில்லை. காது சூடாகியது.

"அப்புறம்?" என்று கேட்டார், அற்பத்தனமாக.

"அப்புறம் என்ன. கிடங்குச் சுவத்து மேல வேற ஒரு புறா உட்கார்ந்துச்சு. ஊதறதைப் பாதியில விட்டுட்டு உண்டிவில்லை எடுத்து அதைப் பார்த்து ஒண்ணு விட்டேன். செருப்பு கழண்டிருந்துச்சு, தேடலாம்னு அந்தப் பக்கம் திரும்பிக் குனிஞ்சேன். அந்த நேரம் பார்த்துப் பாவி சுட்டுட்டான். யாரா இருந்தாலும் அவன் குருடனா இருக்கணும்."

"ஆமா" என்றார் கண்ணாடிக்காரர். "குருடன்தான்."

வீட்டுக்குப் போனால் மனைவி சுவரில் இருந்த வெற்று ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"துப்பாக்கி எங்க?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"யார்கிட்ட?"

அவர் சட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "தங்கச்சி கொடுத்தனுப்பின பலகாரம் அடுக்களையில இருக்கு. தங்கமான மனுஷனுக்காம். தின்ன முடிஞ்சா தின்னுங்க" என்று சொல்லிவிட்டு விளக்கைத் தணிக்கப் போனாள்.

சீருடை முடிகிற சமயத்தில் கிடங்குக் காவல்காரர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். உயரமான ஆள், உள்ளே வரக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஐயா, உங்க தங்கச்சி என்மேல புகார் சொல்லப் போறாங்களாம். பறவை விரட்ட நான்தான் சுட்டேன்னு. கிடங்குல எனக்குக் குடுத்திருக்கறது ஒரு தகரமும் ஒரு குச்சியும். அன்னிக்குக் காலைல அதைக்கூட நான் தட்டல, நான் தூங்கிட்டிருந்தேன். அதைச் சொன்னாலும் வேலை போகும், சொல்லலைன்னாலும் போகும். நீங்கதான் முதல்ல போய்ப் பார்த்தவர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே கேக்கும்."

"நான் சொன்னா கேக்குமா" என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்க பேச்சைக் கேக்காம வேற யார் பேச்சைக் கேக்கறது? உங்களை மாதிரி ஒரு மனுஷன்..."

"போதும்" என்று சொல்லிவிட்டு அவர் கடையை மூடினார்.

தையற்கடை வாசலில் தங்கை ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். கிடங்கு முதலாளியைப் பார்க்கக் கிளம்புகிற கோலம். உள்ளே மேசையில் தையற்காரர் படுத்து, கடைசிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"இரும்மா. போகாதே."

"ஏண்ணே?"

சொல்லிவிட்டால் இவர்கள் வீட்டுப் படியில் இனி ஏற முடியாது என்பது மட்டும் தெரிந்தது. இத்தனை நாள் உட்கார்ந்திருந்த மெஷினை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். எதிரே இருந்த இரண்டு முகமும் கலங்கி, வெறும் நிறமாகிப் போயின. அது கொஞ்சம் தைரியமாக இருந்தது. கையைச் சேர்த்து ஊதினார். வெறும் காற்று வந்தது. இன்னொரு தடவை ஊதினார், அப்போதும் காற்றுதான். அதற்கப்புறம் வந்தது.

குர்ரூ... கூ... கூ... கூ.

செருப்பு தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே. நீயா?"

"நான்தாம்மா."

"சுட்டது?"

"நான்தான். துப்பாக்கியைப் புதர்ல ஒளிச்சு வச்சேன். அப்புறம்தான் யாருன்னு பார்த்தேன்."

தங்கை அழவில்லை, கத்தவும் இல்லை. மெதுவாகப் பேசினாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "சுட்டது தெரியாம நடந்தது, அதை விடு. நான் தெருத்தெருவா உன்னைப் பத்திச் சொல்லிட்டு வந்தேனே. எங்க அண்ணன் மாதிரி உண்டான்னு கேட்டேனே. பக்கத்துலயே நின்னு கேட்டுட்டிருந்தியே. முதல் கரண்டி உனக்குத்தான்னு போட்டப்ப வேண்டாம்னுகூடச் சொல்லலையே."

"சொல்லல."

"ஒரு தடவைகூடவா தோணல?"

"ஒவ்வொரு தடவையும் தோணுச்சும்மா. பசியும் இருந்துச்சு."

மேசையிலிருந்து பொத்தான் நூலைப் பல்லால் அறுக்கிற சத்தம் வந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் தையற்காரர்.

இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எது தெரியும்?"

"அந்தக் கூவல் மச்சானோடதுன்னு. கடைசில ஒரு கூ ஜாஸ்தி. எந்தப் புறாவும் தன்னைப் பத்தி அவ்வளவு நேரம் பேசாது."

"தெரிஞ்சா ஏன் பதில் கூவினீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

தையற்காரர் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். "வேற எப்படிப் பேசறது? கால்சட்டை விஷயத்துல யார் முதல்ல வாயைத் திறக்கறதுன்னே இத்தனை வருஷம் போச்சு. புதருக்குள்ள உட்கார்ந்துட்டுப் புறா மாதிரி பேசினா யாருக்கும் தோத்த மாதிரி இருக்காதுன்னு பார்த்தேன்."

"அப்ப நான் சுட்டதும் தெரியுமா?"

"உள்ள இறங்கின உடனே தெரிஞ்சுது."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"சீருடை முடியட்டும்னு இருந்தேன்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்பது சுவருக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க. இன்னிக்கு முதல் கரண்டி காவல்காரருக்கு. அவரைக் கூப்பிட்டுட்டு வா அண்ணே" என்று சத்தம் வந்தது. கண்ணாடிக்காரர் போய்க் கூப்பிட்டார். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று, சுட்டது நான்தான் என்று சொல்லிக்கொண்டே போனார். மில்காரர் நம்பவில்லை. அந்த அடக்கத்தையும் புகழ்ந்தார்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது தையற்காரர் சீசாவை எடுத்து மச்சான் கையில் வைத்தார். "உங்க சாமானை நீங்களே வச்சுக்கங்க. கேஸ் முடிஞ்சுது."

போகிற வழியில் கண்ணாடிக்காரர் புதருக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்தார். துருப்பிடித்திருந்தது. வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீசாவைத் திறந்தார். தண்டனைபோல அதைத் தினமும் பார்க்கும் இடத்தில் வைக்கவேண்டும் என்று எண்ணம். பஞ்சைப் பிரித்தார்.

அவர் துப்பாக்கிக்குப் போடுகிற குண்டு ஈயம். இடுப்பு ஒடுங்கி, அடி பாவாடைபோல விரிந்திருக்கும். பஞ்சுக்குள் இருந்தது அப்படி இல்லை. வெகுநேரம் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரச் சுவரின் டங்கென்ற சத்தம் காதில் கேட்டது. மனைவி என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை, தங்கையிடமும் சொல்லவில்லை. எதிரே வரும்போது இன்றைக்கும் அவர்தான் தலை குனிகிறார். மாப்பிள்ளை பெருந்தன்மையாகத் தோளில் தட்டிக்கொடுக்கிறார்.

பஞ்சுக்குள் இருந்த இரும்பு உருண்டை, யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் கொண்டுபோய் வைத்தபோது, தையல் மெஷினின் மிதிச் சக்கரத்தில் காலியாக இருந்த பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. அதன்பிறகு அந்த மெஷின் சத்தம் போடுவதில்லை.